மலாமா பிடித்திருந்த சட்டம்

கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தரையில் கிடந்தது. எப்போது நழுவியது என்று கபாசோவுக்குத் தெரியவில்லை. வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கியபோதுதான் பார்த்தான். அவன் கால் வைத்து நின்ற பலகைக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அப்படியென்றால் நான்கடி நீளக் கம்பி இத்தனை நேரம் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நின்றிருக்கிறது. ஒரு நுனியில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு மட்டும்தான் பற்றவைத்திருந்தான். அது தாங்காது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பி மெல்லச் சாய்ந்து, மேஜை விளிம்பில் இடித்து, தரையில் விழுந்து உருண்டது. அதுவரை பிடித்திருந்தவர் யாரோ கையை எடுத்துவிட்ட மாதிரி.

பகல் பதினொரு மணி. மாமரத்திலிருந்து மழைத்தண்ணீர் தகரக் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கிட்வே நகரத்தில் அவன் தெருவுக்குக் காலை பத்துக்குக் கரண்ட் வந்தால் மத்தியானம் இரண்டுக்குப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரோடு சேர்த்துத் தகரம் அடித்த பட்டறை அவனுடையது. ஜன்னல் கம்பி, கேட், கரி அடுப்பு என்று எதையாவது செய்துகொண்டிருப்பான். இன்று செய்துகொண்டிருந்தது ஆறடிக்கு மூன்றடியில் ஒரு கல்லறை வேலி. அவன் மனைவி மலாமாவுக்கு. அவள் செத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

பதினேழு வருஷம் அந்தக் கிளாம்பின் வேலையைப் பார்த்தவள் அவள்தான். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அவன் "மூடு" என்பான். அவள் கண்ணை மூடி முகத்தை இடது தோளுக்குப் பின்னால் திருப்பிக்கொள்வாள். உனக்கும் ஒரு முகமூடி வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "எனக்கு எதுக்கு? நான்தான் பாக்கவே மாட்டேனே" என்பாள்.

கபாசோ கிளாம்பை எடுத்து இறுக்கினான். கையுறை, தோல் ஏப்ரன், காலுக்கடியில் காய்ந்த பலகை, பக்கத்தில் வெல்டிங் ராடுகள், மணல் வாளி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. முகமூடியை இறக்கினான். கறுப்புக் கண்ணாடிக்குள் உலகம் அணைந்தது. ராடை உரசினான். பச்சை வெளிச்சத்தில் ஒரு சாண் அளவு உலகம் திரும்ப வந்தது. உருகும் இரும்பின் சின்னக் குளம், கம்பியின் விளிம்பு, அந்த விளிம்பில் நான்கு விரல்கள்.

ராடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி, முகமூடியைத் தூக்கினான். கம்பியில் கிளாம்ப்தான் இருந்தது. கூரையில் சொட்டும் சத்தம். தீய்ந்த இரும்பின் வாசனை, அதற்கடியில் லேசாக, முடி கருகிய வாசனை.

அன்று அவன் மறுபடி ராடை உரசவில்லை.

சாயந்தரம் மலாமாவின் அக்கா பிரிஸ்கா வந்தாள். ஒரு கிண்ணத்தில் உப்வாலி களியும் பொரித்த கருவாடும் கொண்டுவந்திருந்தாள். அவன் சாப்பிடுகிறானா என்று பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை எல்லாரும் வர்றோம் தம்பி. எங்க மாமாவும் வர்றாரு. உன் கையில வெள்ளைப் பாசிமணி கட்டி அவளை அனுப்பிரலாம்."

"இப்பவேவா அக்கா?"

"அவ ஆவி இன்னும் உன் மேலதான இருக்கு. அவளை எங்க வீட்டுக்குத் திருப்பி வாங்கிக்க வேணாமா? எத்தனை நாள் சுமப்ப? அவளுக்கும் பாரம், உனக்கும் பாரம்."

அவன் களியை உருட்டிக்கொண்டே இருந்தான். "அவ முகம் எப்படி இருந்துச்சு?"

பிரிஸ்காதான் ஆஸ்பத்திரியில் மலாமாவைக் குளிப்பாட்டியவள். சவப்பெட்டியை ஆணி அடித்து மூடச் சொன்னதும் அவள்தான். ஊர் வழக்கப்படி எல்லோரும் வரிசையில் வந்து முகம் பார்க்கும் நேரத்தில், மூடிய பலகையைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். கபாசோவும் பலகையைத்தான் பார்த்தான்.

"நீ அவளை எப்படி நெனச்சு வச்சிருக்கியோ, அப்படியே வச்சுக்கோ" என்றாள். எழுந்தவள் வாசலில் நின்றாள். "அந்த டிரம்மை நீ கழுவித்தான வச்சிருந்த? ஊர்ல என்னென்னவோ பேசறாங்க."

"கழுவித்தான் வச்சிருந்தேன் அக்கா."

"அது போதும் எனக்கு."

அவள் போனபின் அவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். டிரம்மை அவன் கழுவவில்லை. யாரோ ஒருவர் பாதியாக வெட்டித் தரச் சொல்லி விட்டுப்போன டிரம். சமையல் எண்ணெய் இருந்தது என்றார். அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே தங்கிய வாயு வெடிக்கும், மூடிய எந்தப் பாத்திரத்திலும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு வைக்கக்கூடாது என்று தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன். குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் போக இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. "நான் போய்க் கிணத்துல கொண்டாரேன்" என்று மலாமா வாளியைக்கூட எடுத்துவிட்டாள். "வேணாம், பிடி" என்றான். அவள் டிரம்மின் மூடிப்பக்கம் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெடித்த சத்தம் அவனுக்கு ஞாபகம் இல்லை. டிரம்மின் மூடி அவள் பக்கம் பறந்தது. அவனுக்கு முகமூடி இருந்தது.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நினைப்பில் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை கரண்ட் வந்ததும் கிளாம்பை வேண்டுமென்றே கழற்றி வைத்தான். கம்பியை இடத்தில் வைத்து, கையை எடுத்தான். விழவில்லை.  முகமூடியை இறக்கி, ராடை உரசினான்.

விரல்கள் இருந்தன. வலது கட்டைவிரலில் களி கிண்டும்போது சுட்டுக்கொண்ட பழைய தழும்பு. இடது கையில் அவன் செம்புக் குழாயை அறுத்துச் செய்துகொடுத்த மோதிரம். சிவந்து உருகும் இரும்புக்கு இரண்டே அங்குலம் தள்ளி, வெறுங்கையோடு, அசையாமல் பிடித்திருந்தாள். அவனுக்குக் கண்ணீர் முட்டியது. முகமூடிக்குள் துடைக்க முடியவில்லை. ராடு எரிந்து தீரும்வரை கையை எடுக்கவில்லை.

வெளிச்சம் அதிகமானால் இன்னும் தெரியும். மிஷினில் கரண்டை ஏற்றினான். மணிக்கட்டு தெரிந்தது. காற்றில் தீப்பொறி ஆடாமல் இருக்கவும், பட்டறை இன்னும் இருட்டாகவும் கதவைச் சாத்தினான். முழங்கை தெரிந்தது. புகை உள்ளேயே சுற்றித் தொண்டையில் இரும்பாகப் படிந்தது. மூன்று இடத்தில் கம்பி ஓட்டையாகிப்போனது. அவன் கவனிக்கவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த வீட்டுக் கட்டோங்கோ, தன் கரி அடுப்பை வாங்கிப்போக வந்தவன், இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா இது, உள்ள மீன் சுடுறியா? நான் போன மாசம் கதவைச் சாத்திட்டு அடுப்பு மூட்டினேன்னு என்னைத் திட்டுன பாரு ஒரு திட்டு. இன்னும் காதுல இருக்கு."

"நாளைக்கு வா."

"கிளாம்ப் எங்க? கம்பி எப்படி நிக்குது?"

"நாளைக்கு வாடா."

கட்டோங்கோ கம்பியைப் பார்த்தான். பிறகு கம்பிக்கு எதிரில் இருந்த காலி இடத்தைப் பார்த்தான். அடுப்பைக் கேட்காமலே போய்விட்டான்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மிஷினின் இரைச்சல் அடங்கியதும், ஆறும் இரும்பு டிக், டிக் என்று சத்தம் போட்டது. கசடைத் தட்டி எடுக்கக் குனிந்தபோது, அவள் பிடித்திருந்த இடத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தான். வெங்காயத் தோல் மாதிரி. மெல்லிசாக, சுருண்டு, ஒரு பக்கம் கறுத்து. நகத்தால் எடுத்தான். அதில் ரேகை இருந்தது.

அவன் அதைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காஸ் வெல்டிங் கண்ணாடியின் வெளிறிய வில்லையை எடுத்து முகமூடியில் மாட்டினான். மின்வெல்டிங்குக்கு அது ஆகாது, கண்ணை அரித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். ராடை உரசியதும் பட்டறை முழுக்கப் பச்சையாக விடிந்தது. எதிரில் அவள் உட்கார்ந்திருந்தாள். குத்துக்காலிட்டு, பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றி, தலைத்துண்டோடு. முகம் மட்டும் தோளுக்குப் பின்னால் திரும்பியிருந்தது. கழுத்து நரம்பும், தலைத்துண்டின் முடிச்சும், காதின் ஓரமும்தான் தெரிந்தன.

"மலாமா" என்றான். முகமூடிக்குள் அவன் குரல் அவனுக்கே திரும்ப வந்தது. "இங்க பாரு."

கழுத்து நரம்பு லேசாக அசைந்தது. ராடு தீர்ந்தது. இருட்டு.

அவசரமாக அடுத்த ராடு. அவள் திரும்பவில்லை. காதின் ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் காதுக்கு அப்பால் கன்னம் தொடங்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது என்று வெளிச்சம் போதாமல் தெரியவில்லை. ஒருவகையில் அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது. ஒருவகையில் தாங்க முடியவில்லை. இடது கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையை நோக்கி நீட்டினான். விரலில் பட்டது சுடும் இரும்புதான். தோல் வெந்தது. வலியோடு சிரித்தான், அழுதான்.

வெள்ளிக்கிழமை வேலியின் கடைசிச் சட்டம். நாளைக்கு மணி கட்டிவிடுவார்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பெட்டிக்குள் பார்க்க விடாத அந்த முகத்தை.

முகமூடியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

ராடை உரசினான்.

வெள்ளை. வேறெதுவும் இல்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, அவள் இல்லை. கண்ணைச் சிமிட்டாமல் அந்த வெள்ளைக்குள் தேடினான். இன்னொரு ராடு. இன்னொன்று. அவள் பேரைச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு ராடு எரித்தான். கரண்ட் போனபோது, கீழே விழுந்து கிடந்த கடைசிச் சட்டத்தை யாரும் பிடித்திருக்கவில்லை என்பதைத் தடவித்தான் தெரிந்துகொண்டான்.

சாயந்தரம் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல வலி தொடங்கியது. அவன் கத்தியதைக் கேட்டுக் கட்டோங்கோதான் ஓடிவந்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். நர்ஸம்மா மருந்து ஊற்றி இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டினாள். "ரெண்டு மூணு நாள் அவிழ்க்கக் கூடாது. ஒரு வெல்டருக்கு இதுகூடவா தெரியாது?" என்றாள்.

"தெரியும்" என்றான் கபாசோ.

சனிக்கிழமை காலையில் வந்தார்கள். அவனுக்குச் சத்தங்கள்தான் தெரிந்தன. பாய் விரிப்பது, கோழி கத்துவது, பெண்கள் சன்னமாகப் பாடுவது. பிரிஸ்கா அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவன் மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்தாள். மணிகள் ஒன்றோடொன்று உரசின.

"போறவகிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா இப்பச் சொல்லிருப்பா" என்றார் மாமா.

பாட்டு நின்றது. கட்டுக்குள் இருட்டாக இருந்தது. இல்லை, முழு இருட்டு இல்லை. நேற்றிலிருந்தே நடுவில் ஒரு பச்சைத் திட்டு எரிந்துகொண்டிருந்தது. வெல்டிங் பார்த்த கண்ணில் நிற்கும் தழும்பு, தானாகப் போய்விடும் என்று இருந்தான். இப்போது அது பரவியது. ஓரங்கள் கூர்மையாயின. ஒரு துணியின் பூ. ஒரு முழங்கை. தலைத்துண்டின் முடிச்சு.

"மலாமா" என்றான்.  "நான் டிரம்மைக் கழுவல. நீ தண்ணி கொண்டாரேன்னு சொன்ன. நான்தான் வேணாம்னேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வேணாம்னேன்."

 மணிக்கட்டில் பிரிஸ்காவின் விரல்கள் நின்றுபோயின.  ஒரு சூடான சொட்டு அவன் கையில் விழுந்தது. பிறகு அவள் நூலை இறுக்கினாள். ரத்தம் நிற்கும் அளவுக்கு இறுக்கி, முடிச்சுப் போட்டாள்.

"போ" என்றாள். அது தங்கையிடம் சொன்னதா, அவனிடம் சொன்னதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சுது. போயிட்டா" என்றார் மாமா. பெண்கள் மறுபடி பாடத் தொடங்கினார்கள்.

அவள் போகவில்லை. முன்பெல்லாம் ராடு தீர்ந்ததும் மறைந்தாள்; இங்கே தீர்ந்து அணைய ராடு எதுவும் இல்லை. அவன் குரல் கேட்ட பக்கம் கழுத்து மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. காது. காதுக்கு அப்பால். தாடையின் எலும்பு. உதடு இருந்த இடம்.

வேண்டாம் என்றான். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முழுசாகத் திரும்பினாள். அவனையே பார்த்தாள். அவளுக்கு மூடிக்கொள்ள இமைகள் இல்லை. அவனுக்கு இருந்தன. அவை ஏற்கெனவே மூடித்தான் இருந்தன.