பிடுங்கிப் பார்க்கிற கை

லிஃப்ட்காரன் அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது தோளில் ஒரு வயர் சுருளும் கையில் டூல்ஸ் பையும் இருந்தன. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால் சொந்தத்தில் எல்லாருக்கும் அவன் லிஃப்ட்காரன்தான். காலில் வெந்நீர் கொட்டின மாதிரி அலைகிற ஆள், ஒரு இடத்தில் உட்கார மாட்டான். அப்படிப்பட்டவன் அந்த வாசலில் மட்டும் உள்ளே போகக் கால் வராமல் நின்றான்.

"என்னடா, புது மாப்பிள்ளையா நீ? உள்ள வா" என்றாள் அக்கா.

அக்கா பாதியாய் இளைத்திருந்தாள். புருஷன் போனதிலிருந்து போனை எடுப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. பகல் முழுக்க கார் ஷெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித்தான் இவன் ஓடி வந்திருந்தான். இப்படியே விட்டால் அக்காவும் கிடைக்க மாட்டாள் என்று பயந்தான்.

"கிளம்பு அக்கா. என் வீட்டுக்குப் போயிடலாம்."

"அவர் கார்ல கூட்டிட்டுப் போறதா இருந்தா வர்றேன். அதை இங்க விட்டுட்டு வரமாட்டேன்."

"அது ஓடவே ஓடாதே!"

"ஓட வை."

மாமா கணக்கு வாத்தியார். லீவு நாள் வந்தால் போதும், அந்தப் பழைய காருக்கு அடியில் கிடப்பார். ஓடும்போது எஞ்சின் திணறும், சரியாகும், மறுபடி திணறும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். வேலை செய்யும்போது ஷட்டரை இறக்கிவிடுவது அவர் பழக்கம். தெருச் சத்தத்தில் எஞ்சின் பேசுவது கேட்காதாம். அப்படி இறக்கிவிட்டு வேலை பார்த்த ஒரு நாள், புகை ஷெட்டை நிறைத்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

"எஞ்சின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுடா" என்றாள் அக்கா. "வேலை செய்யறாருன்னு நினைச்சேன். நடுவுல கூப்பிட்டா கோபம் வரும். நான் கூப்பிடல."

லிஃப்ட்காரன் வயர் சுருளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான்.

ஷட்டரைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை, பழைய கிரீஸ் வாடை. அதற்கும் அடியில், இத்தனை மாதத்துக்குப் பிறகும் போகாத ஒரு புகை வாடை. பானட்டைத் திறந்தான். வயர்களின் மேல்தோல் தொட்டாலே உதிர்ந்தது. எலி கடித்த இடம் ஒன்று, டேப் சுற்றிச் சமாளித்த இடம் பத்து. ஐயோ மாமா, இதை வைத்துக்கொண்டா கோளாறு தேடினீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டான். ஒட்டுப்போடுகிற வேலையே வேண்டாம் என்று மொத்தத்தையும் உருவிப் போட்டான்.

பழையதைத் தரையில் நீட்டி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, ஒவ்வொன்றாக இழுத்தான். காயிலுக்கு ஒன்று, டைனமோவுக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. பிளக் மாற்றினான், பிளக் வயரும் மாற்றினான். அந்த நாட்களில் அவன் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் சிவப்பும் கறுப்புமாய் வயர்கள் ஓடின. அக்கா ஷெட் வாசல்படியில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல், எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் சாவியைத் திருப்பினான். உடனே பிடித்துக்கொண்டது!

"பாத்தியா அக்கா? யாரு கை வச்சது!"

சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின் திணறியது. சரியாயிற்று. மறுபடி திணறியது.

அவனுக்கு அழுகை வராத குறை. எல்லாமே புதுசு, இன்னும் என்ன கேடு? குனிந்து காதை வைத்துக் கேட்டான். வெளியே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.

திணறல் கண்டபடி வரவில்லை. கொஞ்சம் திணறும், நிற்கும். அப்புறம் வேறு மாதிரி திணறும், நிற்கும். எங்கேயோ கேட்ட ஒழுங்காக இருந்தது. எங்கே?

அவன் கண் தானாகப் பிளக் வயர்களின் மேல் போயிற்று.

முதல் பிளக்கின் தொப்பி மெல்ல மேலே எழும்பியது.

யாரும் தொடவில்லை. எழும்பிய இடைவெளியில் நீலப்பொறி டிக் டிக்கென்று தாவியது. எஞ்சின் திணறியது. தொப்பி இறங்கி 'க்ளக்' என்று உட்கார்ந்தது.

பிறகு இரண்டாவது எழும்பியது.

பிறகு மூன்றாவது.

லிஃப்ட்காரன் ஒரு எட்டுப் பின்வாங்கினான். இந்த வித்தை அவனுக்குத் தெரியும். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். பிடுங்கியதும் திணறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. திணறாவிட்டால் அதுதான் திருடன். மாமா இப்படித்தான் தேடுவார்.

இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்.

பின்னால் கறகறவென்று சத்தம் கேட்டது. ஷட்டர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் பாய்ந்துபோய்த் தோளைக் கொடுத்து நிறுத்தினான். மேலேயிருந்து யாரோ அழுத்துகிற மாதிரி கனத்தது. அந்தப்பக்கம் மழை ஆரம்பித்திருந்தது. அக்கா படியிலிருந்து அசையவில்லை.

"இறக்கட்டும் விடுடா" என்று கிசுகிசுத்தாள். "மழைச் சத்தத்துல அவருக்குக் கேக்கல."

"பைத்தியமா உனக்கு? எஞ்சினை அணை!"

"எஞ்சின் ஓடாதப்பவும் தினமும் இப்படித்தான் வந்து தேடறார். பாவம்டா அவர்."

இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். கோளாறு பிடிபடுகிற வரைக்கும் அவர் போகமாட்டார், அவர் போகாமல் இவள் வரமாட்டாள். லிஃப்ட்காரன் ஒரு மரக்கட்டையை இழுத்து ஷட்டருக்கு முட்டுக்கொடுத்தான். காரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"மாமா, நான் பாக்கறேன் மாமா. பிளக்ல ஒண்ணும் இல்ல. கொஞ்சம் நகருங்க."

தொப்பிகள் நின்றன. எஞ்சினும் அணைந்தது.

மறுபடி ஸ்டார்ட் செய்ய பானட் பக்கமிருந்தே ஸ்டார்ட்டரைத் தட்டினான். கை ஆக்சிலரேட்டர் கேபிளில் பட்டு "ஆ!" என்று உதறினான். சுட்டுவிட்டது. வெறும் இழுவைக் கம்பி ஏன் சுடவேண்டும்? கரண்ட் தன் வழியில் திரும்பிப் போகமுடியாமல் இதன் வழியாகப் போகிறது!

காருக்கு அடியில் நுழைந்தான். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில், கிரீஸ் அப்பிய பட்டையாய் ஒரு பின்னல் கம்பி. கரண்ட் திரும்பிப் போகிற எர்த் பட்டை. தோல் போர்த்திய வயர் எல்லாவற்றையும் மாற்றியவன், இதை ஏதோ தகடு என்று விட்டிருந்தான். மாமாவும் அப்படித்தான் விட்டிருப்பார். துடைத்து வளைத்துப் பார்த்தான். உள்ளே முக்கால்வாசி இழை அறுந்திருந்தது. தடித்த கேபிள் ஒன்றை வெட்டி, பளிச்சென்று சுரண்டிய இரும்பில் முடுக்கினான்.

எஞ்சின் பிடித்தது. திணறவில்லை.

முதல் தொப்பி எழும்பியது, இறங்கியது. இரண்டு, மூன்று, நாலு. நாலிலும் ஒரே அளவு திணறல். எல்லாச் சிலிண்டரும் நல்லது.

ஷெட்டுக்குள் யாரோ நீளமாய் மூச்சு விட்டார்கள். அதோடு அந்தப் புகை வாடை போய்விட்டது.

அக்கா எழுந்தாள், சேலையைத் தட்டிவிட்டாள். "சரி, போகலாம்" என்றாள்.

மழை விட்ட வெளிச்சத்தில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. அக்கா முன்சீட்டில் அவன் பக்கத்தில் இருந்தாள். லிஃப்ட்காரனுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம், வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினான். அக்காவை மீட்டுவிட்டோம், அது போதும். தன் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நிற்கவில்லை.

சூடேறின பழைய எஞ்சின் இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் நிற்கும் என்று காத்திருந்தான். இது உதறவில்லை. ஒரே சீராக ஓடியது. சாவியை உருவினான், ஓடியது. இறங்கிப்போய் பானட்டைத் திறந்து காயில் வயரைப் பிடுங்கினான். பேட்டரியைக் கழற்றினான். நாலு பிளக் தொப்பிகளையும் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

பொறி கிடையாது, கரண்ட் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இறங்கு!"

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். முகம் தெளிந்திருந்தது.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கடா. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்."

"இறங்கு அக்கா, உன் கால்ல விழறேன்."

"நீ உள்ள போ. நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்."

அவன் ஜன்னல் விளிம்பை இறுக்கிப் பிடித்தான். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அழுதவனிடமிருந்து சேலையை விடுவித்துக்கொண்ட அதே பொறுமையோடு, அக்கா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பானட் மெதுவாக மூடிக்கொண்டது. ஸ்டியரிங் தானாகச் சுற்றியது. கார் பின்னால் வந்து, திரும்பி, கிளம்பியது.

"அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினான். பின்கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. டிரைவர் சீட்டில் ஒருவரும் இல்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். காற்றில் முகத்தில் விழுந்த அவள் முடியை, அந்தக் காலி இடத்திலிருந்து எதுவோ மெல்ல எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகியது.

அக்கா சிரித்தாள்.