மாதிரிக் கேள்வி

கூரைக்குள் சுரண்டல் நின்றுவிட்டது. ஒரு மாதமாக மெரிடியின் உயிரை வாங்கிய சத்தம் அது. பூனையளவு மரவிலங்கான பொஸம் ஒன்று தகரக் கூரைக்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவே குடிவந்து, பிறாண்டியும் உருண்டும், மூத்திர நாற்றத்தைச் சுவர்வழியே இறக்கியும் அவளைத் தூங்கவிடாமல் அடித்திருந்தது. இப்போது, ஹோபார்ட்டின் குளிர்காலச் சாயங்காலத்தில், விறகு அடுப்பு முனகுவதும், வாசலில் யாரோ வண்டியை அணைக்காமல் நிறுத்தியிருப்பதும்தான் கேட்டன. சனியன் தொலைந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், ஏனோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

மெரிடிக்கு வேலை கையேடு எழுதுவது. மனிதர்கள் படிக்க அல்ல. மனிதர்களுக்காக எடுபிடி வேலை பார்க்கும் ஏஐ முகவர்கள், இணையத்தில் வேலைக்கு ஆள் தேடும் கருவி ஒன்றை எப்படிக் கையாள வேண்டும் என்று அவற்றுக்கே சொல்லும் கையேடு. அதில் ஒரு மாதிரிக் கேள்வி இருந்தாக வேண்டும். அந்த மாதிரியில் உண்மையான முகவரி கூடவே கூடாது. முகவர்களில் பல அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்கும், ஆள் கிடைத்தால் வேலைக்கு அமர்த்தியும் விடும். புதிதாகச் சேர்கிறவர்களிடம் இதைச் சொல்லிக் கேலி செய்பவளே அவள்தான்.

நேற்று தூக்கமில்லாத எரிச்சலில் கை போன போக்கில் ஒன்றை எழுதினாள். 'ஃபெர்ன் சந்து, ஒன்பதாம் எண் வீடு. உள்ளே ஒளிந்து சுரண்டுவது எதுவானாலும் அடித்துக் கொல்ல ஆள் தேவை.' முகவரியைப் பிறகு மாற்றலாம் என்றிருந்தாள். மாற்ற மறந்தாள். காலையில் கையேடு வெளியாகிவிட்டது.

கதவைத் தட்டியவர் தொப்பையும் சிரிப்புமாக, கையில் கம்பிக் கூண்டோடு நின்றார்.

"நான் டாரல், தாயி. பொஸம் பிடிக்க வந்திருக்கேன்."

"நான் யாரையும் கூப்பிடலையே."

"யாரோ கூப்பிட்டாங்க. அடிச்சுக் கொல்லணுமாம்! அதெல்லாம் சட்டப்படி தப்பு தாயி. பிடிச்சு தோட்டத்துலயே விட்டுடறேன். வந்தது வந்தேன், ஏறிப் பாத்துடறேனே."

அவர் ஏணி போட்டுக் கூரைக்குள் நுழைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மெல்பர்னில் இருக்கும் சக ஊழியன் ரென்விக்கை அழைத்தாள்.

"மாதிரிக் கேள்வில என் வீட்டு அட்ரஸ் இருக்கு. தூக்கிடு, உடனே!"

"நீயா? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற நீயா?" சிரித்தான். விசைகளைத் தட்டும் சத்தம். சிரிப்பு நின்றது. "தூக்கிட்டேன். ஆனா மெரிடி, காலைலேர்ந்து ஆயிரக்கணக்கான முகவர்கள் அதை எடுத்துட்டுப் போயிருக்கு. கதவைப் பூட்டிக்கோ. போலீஸைக் கூப்பிடு."

அழைத்தாள். போலீஸ் வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் சந்துக்குள் நுழைய வழியில்லையாம். அவள் திரைச்சீலையை விலக்கினாள். சந்து முழுக்க வண்டிகள். முகப்பு விளக்குகள் எல்லாம் அவள் வீட்டையே பார்த்தன. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆளுக்கொரு கடப்பாரை, சம்மட்டி, கோடரி. ஒவ்வொருவர் சட்டைப் பையில் இருந்த கைப்பேசியிலிருந்தும் ஒரே குரல், ஒரே நிதானத்தில், அவள் எழுதிய வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எதுவானாலும். எதுவானாலும்.

கதவு இரண்டே அடியில் பெயர்ந்தது. மெரிடி கூடத்துத் துணி அலமாரிக்குள் புகுந்து உள்ளிருந்து இழுத்து மூடிக்கொண்டாள். விரிசல் வழியே கூடம் தெரிந்தது.

மேலே டாரல் முழங்காலில் நகர்ந்தார். பலகை சுரண்டியது.

கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"டாரல், அசையாதீங்க!" என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அதற்காகத் தன்னையே வெறுத்தாள், அப்போதும் கத்தவில்லை.

முதல் கடப்பாரை உட்கூரையைத் துளைத்து ஏறியது. "அய்யோ, ஆளு இருக்கேன்! ஆளு!" இரண்டாவது. மூன்றாவது. கம்பிக் கூண்டு நசுங்கும் சத்தம். அப்புறம் ஈரச் சத்தம் மட்டும். துளைகளின் வழியே ரத்தம் இறங்கி, விறகு அடுப்பின் மேல் விழுந்து பொரிந்தது. கருகிய வாடை அலமாரிக்குள்ளும் வந்தது.

ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தான். அதில் ஒலித்த குரல் அடங்கியது. கடப்பாரையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

மற்றவர்களின் குரல்கள் அடங்கவில்லை.

அவர்கள் போகவில்லை. ஆளுக்கொரு முகவர், ஆளுக்கொரு வேலை. கூலி கிடைக்க ஆளுக்கொரு படம் வேண்டும்.

நின்றார்கள். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்கள். கூரை அமைதி. வீடு அமைதி. சுரண்ட இனி எதுவும் இல்லை.

மெரிடி மூச்சைப் பிடித்தாள். போர்வையைக் கடித்தாள். கை நடுங்கியது. மற்றொரு கையால் அதை அழுத்திப் பிடித்தாள். இரண்டும் நடுங்கின.

அவள் மோதிரம் பலகையில் உரசியது.

ஒரே ஒரு தரம்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"இங்க இருக்கு," என்றான் ஒருவன், சாதாரணமாக.

அலமாரிக் கதவில் கடப்பாரை முனை எட்டிப் பார்த்தது. திரும்பிப் போனது. அது விட்டுச் சென்ற ஓட்டையில் கைப்பேசியின் வெள்ளை வெளிச்சம் வந்து நின்றது, படம் எடுக்கத் தயாராக.