கொஞ்சம் தொங்கட்டும்

ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். அப்பா எழுந்து குழாயைத் திறப்பார். இரண்டு குடம் நிரம்பும். குக்கரில் அரிசி வைப்பார். ஐந்தரைக்குப் பூமிகா எழுவாள். தானே இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்வாள். வலது பின்னல் எப்போதும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். இரண்டு டப்பாவிலும் ஒரே சாதம். ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வரும்.

"கதவப் பூட்டிக்கினு போ" என்பார் அப்பா.

வீட்டில் இருவர்தான். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் போனது. பஸ் கிளம்பியதும் பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

"போச்சு! மறுபடியும் போச்சு!"

ரோசம்மாள் அத்தை. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. டிவி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். திரையில் வெறும் புள்ளிகள்.

"நாளு பாத்து பேஜாரு பண்ணுது பூமி. சனிக்கெழம நாலு மணிக்கு பார்த்தி மேட்ச்சு."

பார்த்திபன் அத்தையின் மகன். திருவள்ளூரில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறான். கபடி ஆடுவான். அவன் ஆடி அத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மேட்ச் நாளில் எல்லாம் அத்தைக்கு ஷிப்ட் இருக்கும். இந்த முறை கோயம்புத்தூரில் இறுதிப் போட்டி. உள்ளூர் கேபிள் சேனலில் மட்டும் காட்டுகிறார்கள். அத்தை ஒரு மாதத்துக்கு முன்பே லீவு சொல்லி வைத்திருந்தார்.

"எங்க வீட்டுல வந்து பாருங்க அத்த."

"உங்க ஊட்டுக்கும் அதே ஒயர்தானே வருது?"

ஆமாம். பூமிகா அதை மறந்துவிட்டாள்.

"போன்ல?"

"என் போன்ல டார்ச்சு மட்டும்தான் நல்லா எரியும்."

சாயங்காலம் கேபிள் குணா அண்ணன் வந்தார். மொட்டை மாடிக்கு ஏறினார். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள், மாடிச் சுவரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழையும். அங்கிருந்துதான் வீடுகளுக்குப் பிரியும்.

அண்ணன் கேபிளின் நுனியை நான்கு விரல் நீளம் வெட்டினார். உள்ளே செம்புக் கம்பி பச்சை பிடித்துப் போயிருந்தது. புதுப் பின் மாட்டினார்.

கீழேயிருந்து அத்தை கத்தினார். "நல்லா இழுத்துக் கட்டு குணா! தொங்குனா பாக்க நல்லாவா இருக்கு?"

அண்ணன் இழுத்துக் கட்டினார். பெட்டியின் மேல் ஒரு கேரி பேக்கைச் சுற்றிக் கயிறு போட்டார்.

"மழையே வந்தாலும் ஒண்ணும் ஆவாதுக்கா."

மறுநாள் காலையில் மழை வந்தது. அத்தை வீட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. செய்தி வாசிப்பவருக்குப் பாதி முகத்தைக் காணவில்லை.

தூறல் விட்டதும் பூமிகா மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கேரி பேக் தண்ணீர் நிரம்பி உப்பியிருந்தது. சிரித்துக்கொண்டே கீழே ஓடி வந்தாள்.

"அத்த, பையில தங்கமீன் விடலாம்!"

அத்தை சிரிக்கவில்லை. "நாளைக்கு என் புள்ள ஆடறான். உனக்கு மீனு கேக்குதா?" என்றார். முந்தானையால் திரையைத் துடைத்தார்.

பூமிகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்ப மாடிக்குப் போனாள்.

இந்த முறை நிதானமாகப் பார்த்தாள். பக்கத்தில் துணி காயப்போடும் கொடி தொய்ந்து கிடந்தது. அதில் இருந்த மழைத்துளிகள் இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு ஓடி வந்தன. அங்கே சேர்ந்து சொட்டின.

கேபிள் அப்படி இல்லை. விறைப்பாக, கம்பத்திலிருந்து பெட்டிக்குச் சரிந்து வந்தது. பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடும் பிள்ளைகளைப் போல் துளிகள் அதன் மேல் வரிசையாக ஓடின. ஒன்றுகூட நடுவில் விழவில்லை. எல்லாம் நேராகப் பெட்டிக்குள் போயின.

கேபிளைத் தொட்டுப் பார்த்தாள். மேல் தோல் வெயிலில் காய்ந்து, குதிகால் போல வெடித்திருந்தது.

சாயங்காலம் அப்பாவை மாடிக்குக் கூட்டி வந்தாள்.

"இறுக்கமா இருக்கறதாலதான் தண்ணி உள்ள போவுதுப்பா. கொஞ்சம் தொங்க விட்டா கீழ சொட்டிடும்."

அப்பா கேபிளைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். "ஆமா" என்றார். பிறகு குணாவுக்குப் போன் செய்தார். "தோல் வெடிச்சிருக்கு. புது ஒயர் எடுத்துக்கினு வா."

"புதுசும் வெயில்ல வெடிக்குமேப்பா. அதுக்கு ஒரு சட்டை போட்டு விடலாமா?"

அப்பா கீழே போய், கிழிந்துபோன பச்சைத் தண்ணீர்க் குழாயை எடுத்து வந்தார். பிளேடால் நீளவாக்கில் கீறினார். சட்டை தயார்.

சனிக்கிழமை காலை குணா அண்ணன் வந்தார். எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். பூமிகா தன் யோசனையைச் சொன்னாள். அண்ணன் சிரித்தார்.

"வேல கத்துக்கும்போது எங்களுக்கும் இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க பாப்பா. பெட்டிக்குக் கீழ ஒரு ஜாண் தொங்க வுட்டு, அடியிலேர்ந்து மேல ஏத்தணும். ஆனா எந்த ஊட்டுல ஒத்துக்கிறாங்க? குணா அரகொறையா வுட்டுட்டுப் போய்ட்டான்னு ஓனருக்குப் போன் போடுறாங்க. போன வாரம்கூட ஒரு அக்கா போட்டாங்க."

அந்த அக்கா அங்கேதான் நின்றிருந்தார். வானத்தைப் பார்த்தார்.

"தொங்குனா காக்கா உக்காரும்" என்றார் அத்தை. "இழுத்தே கட்டு."

பூமிகா ஒரு குவளையில் தண்ணீர் கொண்டு வந்தாள். பழைய கேபிளின் மேல் ஊற்றினாள். தண்ணீர் சரசரவென ஓடிக் கேரி பேக்குக்குள் இறங்கியது.

மிச்சத்தைக் கொடியின் மேல் ஊற்றினாள். அது நடுவுக்கு ஓடி, அத்தையின் கால் மேல் சொட்டியது.

அத்தை காலை நகர்த்திக்கொண்டார். கொடியைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார்.

"இத்தினி நாளா நான்தான் தண்ணிய உள்ள வுட்டுக்கினு இருந்தேனா?"

அத்தை ஈரக் காலைப் புடவை நுனியில் துடைத்துக்கொண்டார்.

"சரி, தொங்கட்டும். ஆனா அழகா தொங்கட்டும்."

அண்ணன் புதுக் கேபிளுக்குப் பச்சைச் சட்டை போட்டார். பெட்டிக்குக் கீழே இறக்கி, வளைத்து, அடியிலிருந்து ஏற்றினார். வளைவின் அடியில் சட்டையில் ஒரு ஓட்டை போடச் சொன்னாள் பூமிகா. இல்லாவிட்டால் இதிலும் தங்கமீன் விடலாம். பிறகு அண்ணன் இணைப்பின் மேல் ரப்பர் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அண்ணா, கீழேர்ந்து மேல சுத்துங்க. கூரை ஷீட்டு மாதிரி. மேல் ஷீட்டுதான் கீழ் ஷீட்ட மூடும். அப்பத்தான் தண்ணி உள்ள போவாது."

"நீ எந்த கேபிள் கம்பெனியில வேல பாக்குற?"

"அஞ்சாம் கிளாஸ், பி செக்ஷன்."

நான்கு மணி. அப்பாவும் வந்து கதவோரம் உட்கார்ந்தார். திரையில் பார்த்திபன் தொடையைத் தட்டினான். அத்தை தன் தொடையைத் தட்டினார்.

இரண்டாம் பாதியில் மழை கொட்டியது. அத்தை டிவியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். பூமிகா குடையோடு மாடிக்கு ஓடினாள். வளைவின் அடியில் ஒரு துளி பெரிதாகித் தரையில் விழுந்தது. அடுத்தது விழுந்தது. பெட்டிக்குள் ஈரமே இல்லை.

"படம் வருதா அத்த?"

"வருது, வருது! நீ கீழ வா, பார்த்தி ரெய்டு போறான்!"

ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். பார்த்திபன் இரண்டு பேரைத் தொட்டான். நான்கு பேர் அவன் மேல் விழுந்தார்கள். அத்தனை பேருக்கும் அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு கோட்டைத் தொட்டது.

விசில் ஒலித்தது. பார்த்தி அணிக்கு வெற்றி. அத்தை எப்போது ஸ்டூல் மேல் ஏறினார் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

யாரோ பார்த்திபனிடம் மைக்கை நீட்டினார்கள். அவனுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்வை. பேச ஆரம்பித்தான்.

அத்தை இறங்கிப் போய் டிவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டேய் பார்த்தி, பேசுனது போதும். மொதல்ல தண்ணி குடிடா!"