நம்பர் அழிந்த டெய்ம்லர்

திங்கட்கிழமை, காலை 7.10. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் பின்கொட்டகையைத் திறந்த மேஸ்திரி முருகானந்தம் ‘ஐயோ’ என்று போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே எழுந்து ஓடி வந்தது.

கார் நின்ற இடத்திலேயே நின்றது. 1938-இல் கப்பலேறி வந்த கரும்பச்சை டெய்ம்லர். ஒரு ஜமீன் வீட்டு மாப்பிள்ளைகளை ஊர்வலம் சுமந்து, பிறகு பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கட்டு சுமந்து, கடைசியில் கோழி அடையும் கூடாகிப் போன வண்டி. முட்டைப் பண்ணைக்காரர் குருமூர்த்தி அதை வாங்கிக் கொண்டுவந்து விட, முருகானந்தம் ஆறு வருடம் ராப்பகல் பாராமல் உழைத்து எழுப்பி நிறுத்தியிருந்தார்.

போயிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டியின் அடிச்சட்டமான சேஸில் அடித்திருந்த எண். யாரோ அதன்மேல் வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டரால் மழமழவென்று தேய்த்துவிட்டிருந்தார்கள். பழைய காருக்கு அந்த எண்தான் பூர்வீகம். அது போனால் வண்டி என்ன ஜொலித்தாலும் ஊர் பேர் தெரியாத இரும்புதான். பதினொரு மணிக்கு எண்ணைச் சரிபார்த்து வண்டியை வாங்கிப்போக மும்பைக்காரர் வேறு வருகிறார்.

7.50. எஸ்.ஐ. சத்யபிரியா வந்து இறங்கினாள். பூட்டு உடையவில்லை. சாவி மூவரிடம்: குருமூர்த்தி, முருகானந்தம், வெல்டர் தமீம். நேற்று ஞாயிறு, பட்டறை லீவு. நேற்று மாலை நல்ல மழை.

“வெல்டிங் வெச்சது வெல்டர் இல்லாம யாருங்க?” குருமூர்த்தி குதித்தார். “சனிக்கிழமை இவனை நாலு பேரு முன்னால கன்னாபின்னான்னு பேசிப்போட்டேன். பழி தீர்த்துட்டான். தூக்கி உள்ள போடுங்க மேடம்.”

ஏட்டு சின்னுசாமி குனிந்து எண் இருந்த இடத்தைத் தடவினார். விரலெல்லாம் கிரீஸ். “சனியன்” என்று பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

8.20. தமீமை நிறுத்திக் கேட்டாள்.

“நேத்து எங்க இருந்த?”

“ஊட்லதானுங்க மேடம்.”

“யாரு பார்த்தா?”

“என் சம்சாரந்தானுங்க.”

“காலைல வந்து எதையாச்சும் தொட்டியா?”

“என்னைய யாரும் கிட்டவே உடலீங்க. இந்த வண்டியில பாதி என் கை பட்டதுங்க மேடம். நான் போய் இதைச் செய்வனா?”

அடுத்து முருகானந்தம்.

“நீங்க தொட்டீங்களா?”

“இல்லீங்க. பார்த்ததும் கையும் ஓடல, காலும் ஓடல. வாசல்லயே உக்காந்துட்டனுங்க.”

சத்யபிரியா தடய ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். வெறுமனே தேய்த்திருந்தால் ஆசிட் ஊற்றி எண்ணை எழுப்பலாம், நிரப்பித் தேய்த்தது திரும்பி வராது என்று கையை விரித்துவிட்டார்கள். பிறகு அவளே வண்டியடியில் படுத்து, கைக்குட்டையால் கிரீஸை வழித்தாள். அடியில் இரும்பு வெள்ளிபோல் பளபளத்தது.

“தமீம், கிரீஸ் எங்க இருக்கும்?”

“மேஸ்திரி பொட்டிலதானுங்க. எந்நேரமும் பூட்டியே இருக்கும். சாவி அவரு அருணாக்கயித்துல தொங்கும்.”

9.40. எல்லோரையும் கார் முன்னால் கூப்பிட்டாள்.

“லாரி சேஸ் நம்பர் மேல பேப்பர் வெச்சுப் பென்சிலால தேய்ச்சுப் பிரிண்ட் எடுத்ததும், துருப்பிடிக்காம இருக்க கிரீஸ் தடவறது உங்க பட்டறை வழக்கம். பார்த்துப் பார்த்துப் பழகிட்டதால இன்னைக்கு யார் கண்ணுக்கும் அது உறுத்தல. நம்பரே இல்லாத எடத்துல எதுக்குங்க கிரீஸ்? தேய்ச்ச இரும்பு ஒரு மழை ஈரத்துக்கே பழுப்பாயிரும். இது பளபளன்னு இருக்கு. தேய்ச்ச கையோட தடவியிருக்காங்க. வண்டிய நாசம் பண்ண வந்தவன் துருப்பிடிக்குமேன்னு கவலைப்படுவானா? வண்டி மேல உசுரையே வெச்சிருக்கறவன்தான் படுவான். பொட்டி சாவியும் அவன்கிட்டத்தான் இருக்கு. ஏனுங்க மேஸ்திரி?”

முருகானந்தம் வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

“மும்பைக்குப் போயிட்டா நான் இதைப் பார்க்கவே முடியாதுங்க. நம்பர் இல்லாட்டி ஒருத்தனும் வாங்க மாட்டான், இங்கயே நிக்கும்னு நெனச்சேன். புத்தி கெட்டுப் போச்சுங்க.”

“எம்மேல பழி உழுந்தப்பகூட வாயத் தெறக்கலியே மேஸ்திரி!” என்றான் தமீம்.

11.15. மும்பைக்காரர் குனிந்து பார்த்தார். முழு வண்டி வேண்டாம். இன்ஜின், கியர் பாக்ஸ், விளக்குகள் என்று தனித்தனியாகக் கழற்றித் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். குருமூர்த்தி யோசிக்கவே இல்லை. சரி என்றார்.

“புகாரு வேண்டாமுங்க மேடம். இவன் ஜெயிலுக்குப் போனா வண்டிய யாரு கழட்டறது? ஒரு போல்ட்டு ஒடையாம எடுக்க இவனுக்குத்தான் தெரியும். மாட்டேன்னான்னா கேஸ் கட்டர் வெச்சு அறுத்துக்கறேன்.”

முருகானந்தம் ஓடிவந்து ஜீப்பை மறித்தார். “என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க மேடம். குத்தம் பண்ணுனது நாந்தானுங்களே. ஜெயிலுக்கே போறனுங்க.”

சத்யபிரியாவுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “புகாரே இல்லீங்களே. நான் என்னங்க பண்ணட்டும்?”

ஜீப் கிளம்பியது. முருகானந்தம் உள்ளே போய், முன்விளக்கிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று தமீமிடம் கேட்டார். தமீம் ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.