வக்கீல் வாய் திறக்கக் கூடாது!

"கொலைகாரன் கையைக் குலுக்கிட்டு வந்து, அதே கையால எப்படிடி பிரியாணி பிசையுற?"

ஒரு கல்யாண வீட்டில், நூறு பேர் முன்னிலையில், அக்கா மைமூன் கேட்ட கேள்வி அது.

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் லாத்தா!" என்றாள் நஸீஹா.

பந்தியே சிரித்தது.

நஸீஹா... வயது முப்பத்தெட்டு. கிரிமினல் வக்கீல். சிராங்கூன் சாலையில், ஒரு நகைக்கடையின் மாடியில் ஒற்றை அறை அலுவலகம்.

உண்மையான பதிலை அவள் அக்காவிடம் சொன்னதே இல்லை. ஊரே எதிர்ப்பக்கம் நிற்கும்போது, ஒருவராவது குற்றம் சாட்டப்பட்டவன் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். அவன் செய்தானா, இல்லையா என்று பல வழக்குகளில் அவளுக்கே தெரியாது.

ஆனால் இந்த வழக்கில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மருதப்பன் கொலை செய்யவில்லை!

நாளை காலை பத்து மணிக்கு உயர் நீதிமன்றத்தில் விசாரணை ஆரம்பம்.

தோற்றால்... தூக்கு!

மருதப்பன், அறுபத்தொரு வயதுச் சமையல்காரர். பஃபலோ சாலையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை. முதலாளி கோவிந்தராசு ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு, சமையற்கட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். ஆறு மணிக்குப் பிணத்தைத் தூக்கிப் பார்த்தவர் மருதப்பன். சட்டையெல்லாம் ரத்தம். கத்தியும் அவருடையது.

"அஞ்சரைக்கு எங்க இருந்தீங்க?"

போலீஸ் கேட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தடுத்து வந்த இரண்டு வக்கீல்களிடமும் திறக்கவில்லை.

மூன்றாவதாக வந்த நஸீஹாவிடம், பதினோராவது மாதத்தில்தான் திறந்தார்.

ஐந்தரை மணிக்கு அவர் கேலாங்கில் இருந்தார். மகள் வர்ஷா குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், ஒரு தூணுக்குப் பின்னால்! குடித்துவிட்டு அடித்த அப்பா கிட்டவே வரக்கூடாது என்று மகள் கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருந்தாள். குடியை விட்டு நான்கு வருடமாகியும் உத்தரவு அப்படியே இருந்தது. அவள் வேலைக்குக் கிளம்புவதைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்காக, வெள்ளிக்கிழமைதோறும் சைக்கிள் மிதித்துப் போவார்.

வேறு சாட்சி இல்லை. கேமரா பதிவும் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அவரே கூண்டில் ஏறிச் சொன்னால்தான் உண்டு.

"அவ காதுல விழுற மாதிரி இதைச் சொல்லணுமா வக்கீலம்மா? தூக்கே தேவலை!"

சம்மதிக்க வைக்க இன்னும் மூன்று மாதம் ஆனது.

விசாரணைக்கு முந்தின நாள், காலை ஒன்பதரை.

டெலிபோன் அலறியது!

"மேடம், என் பேரு சுரேந்தர். ஒரு அடிதடி கேஸு. அர்ஜன்ட் லா. கீழதான் நிக்கிறேன்."

வழக்கமாக இந்த இடத்தில் கிளார்க் அஸ்மத் குறுக்கே வருவான். எதிராளி யார், எந்தச் சம்பவம் என்று கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, நஸீஹாவின் வேறு வழக்கோடு மோதவில்லை என்று உறுதியான பிறகுதான் ஆளை உள்ளே விடுவான்.

அஸ்மத்துக்கு இன்று காய்ச்சல். எம்சி எடுத்து லீவில் இருந்தான்.

"மேல வாங்க," என்றாள் நஸீஹா.

அந்த இரண்டு வார்த்தைகள்தான் அவள் செய்த தப்பு!

சுரேந்தர் வந்தான். முப்பது வயது. இஸ்திரி போட்ட சட்டை. அவளை வக்கீலாக அமர்த்தும் கடிதத்தில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டான்.

புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்வதை நஸீஹா அவனிடமும் சொன்னாள்.

"இனிமே நீங்க என் கிளையன்ட். எங்கிட்ட சொல்றது எதுவும் வெளிய போகாது. உங்க அனுமதி இல்லாம போலீஸுக்கும் சொல்ல மாட்டேன், ஜட்ஜுக்கும் சொல்ல மாட்டேன். பயப்படாம சொல்லுங்க."

"ப்ராமிஸ்?"

"அது சட்டம்."

"கோவிந்தராசுவைக் குத்தினது நான்தான் மேடம்!"

நஸீஹாவின் பேனா மேசையில் விழுந்து உருண்டது.

"வெளாடுறீங்களா?"

"முதல் குத்து இடது தோள்ல. அப்புறம்தான் கழுத்து. தோள் மேட்டர் பேப்பர்ல வரல, இல்ல?"

வரவில்லை! பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மட்டுமே இருந்தது.

"ஏன்... ஏன் செஞ்சீங்க?"

"அந்தக் கடைக்கு ஐஸ் போடுறவன் நான். லேட்டா வந்தேன்னு எல்லாரு முன்னாடியும் ஒரு அறை விட்டான். அஞ்சு நாள் பொறுத்தேன் மேடம். ரொம்ப இல்ல?"

"சுரேந்தர், ஒரு அப்பாவி தூக்குல தொங்கப் போறாரு! சரண்டர் ஆகுங்க. நானே கூட வர்றேன்."

"வேணாம் லா."

"எனக்கு அனுமதியாவது கொடுங்க. நான் சொல்றேன்!"

"அதுவும் வேணாம்." எழுந்தான். "போன வாரம் புக்கிட் பாத்தோக் கம்யூனிட்டி கிளப்ல பேசினீங்களே, சூப்பர் ஸ்பீச். முதல் வரிசையில இருந்தேன். 'ரெண்டு கிளையன்ட் மோதிக்கிட்டா வக்கீல் ரெண்டு பேரையும் விட்டு விலகணும்'னு சொன்னீங்க..."

கதவைத் திறந்தான். திரும்பினான்.

"அப்ப நாளைக்கு அந்தத் தாத்தாவுக்கு நீங்க வர மாட்டீங்கதானே?"

அப்போதுதான் நஸீஹாவுக்குப் புரிந்தது.

இவன் வக்கீல் தேடி வரவில்லை. வக்கீலைக் கழற்றிவிட வந்திருக்கிறான்!

அவள் உடனே அப்துல் கையூமுக்கு போன் போட்டாள். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர்.

"சார், ஒரு கற்பனைக் கேள்வி..."

"கற்பனைக்கு ஏன் உன் குரல் நடுங்குது?"

பெயர்களை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னாள்.

"கையெழுத்து போட்டானா?"

"போட்டான்."

"ரகசியம்னு வாக்கு கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"அப்புறம் என்ன லா! ரெண்டையும் விட்டு விலகு. ஜட்ஜ் கேட்டா, தொழில் ரீதியான காரணம்னு மட்டும் சொல்லு."

"என்னை விரட்டத்தான் சார் வந்தான்! அது சதி இல்லையா?"

"நிரூபி. நிரூபிக்க அவன் பேசினதைச் சொல்லணும். அதைத்தான் சொல்லக் கூடாதே!"

"மருத... அந்தப் பெரியவர் செத்துருவாரு சார்."



"வேற வக்கீல் வருவாரு, நஸீஹா."

"அவர் வேற யாருகிட்டயும் பேச மாட்டாரு!"

"எனக்கு இதெல்லாம் தெரியவே கூடாது. போனை வை."

மாலை மூன்று மணி. சாங்கி சிறை.

மருதப்பன் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அவர் சிரித்து நஸீஹா பார்த்ததில்லை.

"நாளைக்குப் பேசப் போறதை ஒத்திகை பாத்தேன் வக்கீலம்மா. கேக்குறீங்களா? 'ஐயா, என் பொண்ணு பேரு வர்ஷா. அவ நீலப் பை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போவா. அதைப் பாக்கத்தான்...' எப்படி? அழாம சொல்லிட்டேன் பாருங்க!"

"அங்கிள்..."

"சத்தம் பத்தலையா?"

"அங்கிள், உங்க கேஸ்ல இருந்து நான் விலகுறேன்."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். உதடுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன?"

"காரணம் சொல்ல முடியாது அங்கிள்."

சிரிப்பு மெல்ல அணைந்தது.

"நான்தான் குத்தினேன்னு உங்களுக்கும் தோணிடுச்சா?"

"இல்லவே இல்ல! உங்களை நம்புறேன்!"

"நம்புறவங்க எழுந்து போவாங்களா?"

தொண்டை வரைக்கும் வந்தது அந்தப் பெயர். சுரேந்தர். ஐந்தே எழுத்து! பற்களைக் கடித்துக்கொண்டாள்.

"புது வக்கீல் வருவாங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே அவங்ககிட்டயும் சொல்லுங்க. சைக்கிள், கேலாங், அந்தத் தூண்... எல்லாத்தையும்! ப்ளீஸ் அங்கிள்!"

மருதப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த கேலாங்? நான் அங்க போனதே இல்லையே!"

"அங்கிள்!"

அவர் எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளினார்.

"அங்கிள், ஏதாவது பேசுங்க... என்னைத் திட்டவாவது செய்யுங்க!"

காவலர் கதவைத் திறந்தார். மருதப்பன் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போய்விட்டார்.

அந்த அறையில் எதையும் பேச முழு உரிமை இருந்த ஒரே ஆள்... அவர்தான்!