மலைக்கோட்டைக்குப் போன மகன்

மூதரசி வலத்தாவின் அழைப்போடு காவல்தலைவன் கெலாவ் வந்தபோது, எல்லோரும் 'அபா' என்று அழைக்கும், நீதி விசாரிக்கும் துறவி நோலாவி காலைப் பூசையை முடித்திருந்தார். மூதரசிக்கு எஞ்சியிருந்த ஒரே மகன் சர்ஸாவை முந்தின நாள் மலைக்கோட்டைக்குக் கொண்டு கிளம்பிவிட்டார்கள். அரச ரத்தத்து ஆண்களை அடைத்து வைக்கும் கோட்டை அது. ஏறியவர் எவரும் இறங்கியதில்லை. ஆணையின் கீழே தாய் கையெழுத்தாக இடும் சிலுவைக் குறி இருந்தது.

இறந்துபோன மூத்த மகனின் பிள்ளையான சிறு பேரனின் பெயரில், எழுபது வயதிலும் நாட்டை ஆள்பவள் வலத்தா. அவள் குறியிடாமல் ஒரு படையும் நகராது. இருவரும் போனபோது அவள் கூடாரத்தில் மகள் ஸேனா மட்டும் அருகே உட்கார்ந்திருந்தாள்.

"இதை நான் சொல்லவே இல்ல, அபா," என்றாள் மூதரசி. "பெத்த பிள்ளைய எந்தத் தாய் அங்க அனுப்புவா?"

ஸேனா தலை நிமிரவில்லை. நோலாவி ஆணை எழுதிய தோலோலையை நீட்டினார். மூதரசி அதன் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தண்ணீர் கேட்டாள்; ஸேனா கோப்பையை அவள் விரல்களுக்குள் பொருத்தி வைத்தாள்.

வெளியே மலையை மூடிக்கொண்டு மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கருவூலத் தலைவர்தான் குறியைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும் என்றான் கெலாவ். அவரை அப்போதே கட்டி இழுத்துவரத் துடித்தான். நோலாவி ஓலையை வெளிச்சத்தில் பிடித்தார். சிலுவையின் நடுவே, மைக்கு அடியில், முள்ளால் குத்திய சிறு துளை. பழைய ஆணைகளை வரவழைத்துப் பார்த்தார். இரண்டு வருடத்து ஆணைகள் எல்லாவற்றிலும் அந்தத் துளை இருந்தது. அதற்கு முந்தையவற்றில் இல்லை.

மறுபடி கூடாரத்துக்குள் போனார்கள்.

"பார்த்து வரையிறவனுக்கு மைக்கு அடியில இருக்கிற துளை தெரியாது," என்றார் நோலாவி. "அதனால இது கள்ளக் குறி இல்ல. நீங்களே போட்டது, தாயே. குறி போடுற இடத்துல முன்னாடியே துளை குத்தி வச்சு, விரலால தேடிக் குறி போடுறீங்க. உங்களுக்குப் பார்வை போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

மூதரசி மறுக்கவில்லை.

"என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு வாசிச்சவங்கதான் பொய் சொல்லியிருக்கணும். உங்களுக்கு வாசிக்கிறது ஒருத்தர்தான்."

"கோவிலுக்கு நிலம் எழுதுறதா வாசிச்சேன்," என்றாள் ஸேனா அமைதியாக. "என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் நீங்க அங்க அனுப்புனீங்க, அம்மா. சின்னவனுக்கு அப்போ ஆறு வயசு. பேரனோட சிம்மாசனத்துக்கு ஆபத்துன்னு சொன்னீங்க. பெத்தவ வலி என்னன்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும்னு நெனச்சேன்."

உடனே குதிரையில் போனால் வழியிலேயே சர்ஸாவை மீட்டுவிடலாம் என்றான் கெலாவ். மூதரசி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆணை பொய்யென்றால், ஏன் என்று சபை கேட்கும். குருடி குறியிட்ட ஆணைகள் எல்லாம் செல்லாமல் போகும். சிம்மாசனத்தில் இருக்கும் சிறுவன் அதற்குப் பிறகு எத்தனை நாள் உயிரோடு இருப்பான் என்று அங்கிருந்த நால்வருக்கும் தெரியும்.

"ஆணை என்னோடதுதான்," என்றாள் வலத்தா. "விசாரணை முடிஞ்சுது, அபா."

கெலாவ் வாசல் திரையை விலக்கினான். பின்னால் அவள் குரல் கேட்டது. அதில் கோபம் இல்லை.

"ஸேனா, எல்லைப் படைக்கான ஓலை வந்திருக்கே. வாசி."