காப்புத்திரை கேட்ட கேள்வி

மனித வரலாற்றிலேயே முழுமையான சமத்துவம் மலர்ந்த இடம் செவ்வாயின் செங்கரை நகரம். அங்கே கணக்கில் நுழையாமல் ஏழையும் மூச்சுவிட முடியாது, பணக்காரரும் மூச்சுவிட முடியாது. காலையில் எழுந்து சுவரில் விரல் வைத்தால்தான் அறைக்குக் காற்று வரும். கணக்குகளில் மட்டும் இரண்டு சாதி: அதிகாரத்துக்கு வரம்பு போட்ட எல்லைக் கணக்கு, எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு.

காற்றுப் பொறியாளர் மெகருன்னிசாவுக்கு எல்லைக் கணக்கு. அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. காதுக்குப் பின்னால் பதித்த திரைவாசிப்பான், திரையில் வருவதையெல்லாம் படித்துச் சொல்லும். ஆனால் பெரிய கட்டளை எதையாவது கொடுத்தால் 'காப்புத்திரை' எழும்பி ஒப்புதல் கேட்கும். திருட்டு நிரல்கள் நுழையக் கூடாதென்று அந்தத் திரையில் வேறெந்த நிரலுக்கும் இடமில்லை. வாசிப்பானும் நிரல்தானே, அதுவும் ஊமையாகிவிடும். அங்கே அதைப் பேசவைக்க நிர்வாகக் கணக்கு வேண்டும். கேட்டுப் பார்த்தார். "எச்சரிக்கையைப் பார்க்க இயலாதவருக்கு நிர்வாகக் கணக்கு தருவது ஆபத்து" என்று பதில் வந்தது. எச்சரிக்கையைக் கேட்கவிடாமல் செய்தவர்களே அப்படி எழுதினார்கள்.

அன்று குடியிருப்பு ஒன்றில் காற்று கெட்டது. வேறிடத்துக் காற்றை அங்கே திருப்பக் கட்டளை கொடுத்தார் மெகருன்னிசா. காப்புத்திரை எழும்பியது, காதில் குரல் நின்றது. தலைமை நிர்வாகி தாமோதரனைக் கூப்பிட்டார். அவர் விழா உடையில் வந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. மன்றத்துல 'எல்லோருக்கும் அணுகல்' விழா. நான்தான் பேசணும்."

"திரையில என்ன கேக்குதுன்னு படிங்க சார். எதை அழுத்தணும்னு நான் சொல்றேன்."

"இதுல படிக்க என்ன இருக்கு? எப்பவும் கேக்கறதுதான்."

"சார், படிங்க."

அவர் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு நடந்தார். இருபத்தோராம் நூற்றாண்டில் கைப்பேசி வைத்திருந்த ஒவ்வொருவரும் தினமும் செய்ததுதான், பரம்பரைப் பழக்கம்.

திரை கேட்டிருந்தது இது: 'மன்றத்தின் காற்று எடுக்கப்படும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். தொடரலாமா?'

உரையின் நடுவே முன்வரிசைப் பிரமுகர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். தாமோதரன் பேசும்போது அது வழக்கம் என்பதால் யாரும் பதறவில்லை. அவரே சாய்ந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

விசாரணை மெகருன்னிசா மீது வந்தது. பார்வையில்லாதவர் கொடுத்த கட்டளை. எல்லைக் கணக்கையும் பறிக்கலாம் என்றார் தாமோதரன். செங்கரையில் கணக்குப் போனால் வேலையும் போகும், காற்றும் போகும். பூமிக்குத் திரும்பும் கப்பல்தான் மிச்சம்.

"நீங்க படிச்சுச் சொல்லியிருந்தா காற்றைக் கிடங்குலேர்ந்து எடுத்திருப்பேன்," என்றார் மெகருன்னிசா. அவர் குரல் உயரவில்லை. "கண்ணு இருக்குன்னுதானே உங்களுக்கு அந்தக் கணக்கு? எதுக்கு சார் அந்தக் கண்ணு?"

"நான் படிச்சேன். வேகமாப் படிப்பேன், அவ்வளவுதான்."

விசாரணைத் தலைவி ஜெபமணி அதே காப்புத்திரையை ஒரு பலகையில் வரவழைத்து நீட்டினார். "வேகமா வேண்டாம். மெதுவாவே படிங்க, எல்லோரும் கேக்கட்டும்."

தாமோதரன் பலகையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்தார். மறுபடி அருகே கொண்டுவந்தார்.

கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து வந்து வெகுகாலமாகியும், வயதானவர் என்று சொல்லிவிடுவார்களே என்று அவர் கண்ணாடி வாங்கியிருக்கவில்லை.